கிளெமென்டைனுக்காக ஒரு ஜெபம்

தென் கரோலினாவில் எங்கள் சபை மூப்பர் வெர்லன் டட்டில், கட்டின மனைவிக்கு ஒரு காப்பிகூடப் போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் தான் வளர்த்த கிளெமென்டைன் என்ற விஷமில்லாத சோளப்பாம்புக் குட்டிக்கு, கடையில் வாங்கிய உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, குழந்தைப் பாலுக்குப் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, இடுக்கியால் ஊட்டுவார்.

ஒரு சமயம் குட்டி வாயே திறக்கவில்லை. கண்ணிலும் வெண்மை படர்ந்தது. ஞாயிறு ஆராதனையில் வெர்லன் எழுந்து, "எங்க கிளெமென்டைன் சாப்பிடவே மாட்டேங்குறா, ஜெபம் பண்ணுங்க" என்று தழுதழுத்தார். பேத்தியாக்கும் என்று சபையே உருகியது. மறுநாள் பெண்கள் அவர் வீட்டுக்குப் பாத்திரம் பாத்திரமாகக் கோழிக்கறி கொண்டுவந்தார்கள். போதகரும் வந்தார். பாம்பு இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"பிரதர், ஏவாளைக் கெடுத்த பாம்புக்கா நான் ஜெபம் பண்ணணும்?"

"அது வேற பாம்பு, பாஸ்டர். இது பச்சக் கொழந்த."

"தோல் உரிக்கப்போகுது, அதான் சாப்பிடல. கடையிலயே சொன்னாங்க, இந்த மனுஷன் காதுல விழுந்தாத்தானே!" என்றாள் வெர்லனின் மனைவி லொரேட்டா, கோழிக்காலைக் கடித்தபடி.

அந்த வாரமே குட்டி சட்டையை உரித்துப் போட்டுவிட்டு எலியை விழுங்கியது. அடுத்த ஞாயிறு, ஜெபம் கேட்கப்பட்டதென்று சாட்சி சொல்ல வெர்லன் எழுந்தார். போதகர் அவசர அவசரமாகப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.