ரோலருக்குப் பக்கத்தில் நடந்தவள்

வெள்ளானூரில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள், ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய இயந்திரங்களை இழுத்து வைத்துக்கொண்டிருந்த ஆட்களோடு நானும் சில மாதங்கள் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை.

இயந்திரங்கள் எல்லாம் ரோடு போடுகிறவை. புல்டோசர், ஜல்லி உடைக்கும் கிரஷர், தார் காய்ச்சும் பாய்லர், கலவை மிஷின், ஒரு டீசல் ரோலர். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் இடத்தில் முள்செடிக்கு நடுவே துருப்பிடித்துக் கிடந்தன. கான்ட்ராக்டர் இறந்துபோனதும் அவர் மகன் இடத்தை மனை பிரிக்க நினைத்தார். மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்துப் போனால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் காயலான் கடைக்கு என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரி ஆலைக்குள் காட்சிக்கு வைக்கலாம் என்று எடுத்துப் போகக் கிளம்பியவர்கள் யாருக்கும் கூலி கிடையாது. டீயும் பன்னும்தான்.

அவர்களுக்குத் தலைமை மாதிரி இருந்தவர், ஆவடியில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வருவார். சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டு லுங்கிக்கு மாறுவார். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. பூந்தமல்லியில் வெல்டிங் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வருவார். ஒரு லாரி டிரைவர், ஃபேக்டரி ஆட்கள் சிலர். ஆலைக் கொட்டகைக்குள் எதை எங்கே வைப்பது என்று அளவெடுத்து வரைந்து தர ஆள் வேண்டும் என்று என் முதலாளியிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்படித்தான் போனேன். வரைந்து கொடுத்த பிறகும் போய்க்கொண்டே இருந்தேன்.

நான் உள்ளே நுழையும்போது பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

"இன்னா மாமே, ஊட்ல உட்டாங்களா?"

"எங்க உட்டாங்க. கறி வாங்கியாறேன்னு சொல்டு வந்துகீறேன்."

"அப்ப கறி?"

"அத்த உங்க ஊட்ல வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

சிரிப்பு. அப்புறம் யாராவது என்னைப் பார்ப்பார்கள். "வாங்க மேடம்." சிரிப்பு நின்றுவிடும். ஆலையின் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு மரநாற்காலி வரும். ஆலையில் இருந்த ஒரே நாற்காலி அதுதான். டீ எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் வரும். அவர்கள் கண்ணாடிக் கிளாஸோடு குந்தி, குரலைத் தாழ்த்தி மறுபடி ஆரம்பிப்பார்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், மரியாதை எவ்வளவு தூரமான இடம் என்று.

பெரியதிலிருந்து சின்னதாக வரிசை கட்டலாம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு ரோடு எப்படி உண்டாகிறதோ அப்படி வைக்கலாம் என்றேன் நான். முதலில் மண்ணைத் தள்ளும் புல்டோசர். பிறகு ஜல்லி, தார், கலவை. பார்க்க வருகிற பிள்ளைகள் அந்த வரிசையில் நடந்து போனாலே ரோடு போட்டு முடித்துவிடுவார்கள்.

அண்ணாத்தே யோசித்தார். "அப்ப ரோலர் கடசி."

"ஆமாங்க."

"சர்தான். கடசியா வர்றதுதான் வாசலாண்ட நிக்கும். மேடம் சொல்றபடியே வைப்போம்."

சிமென்ட் தரையில் சுண்ணாம்பால் கட்டங்கள் போட்டேன். வாசலருகே ரோலருக்கான கட்டத்தைப் போடும்போது, அதில் ரோலரை நிறுத்தப்போவது நான்தான் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் அம்மா.

அம்மா ரோடு வேலை செய்தவள். ரோலரோடு நடப்பது அவள் வேலை. சூடான தார் உருளையில் ஒட்டிக்கொண்டால் போட்ட ரோடு பெயர்ந்து வந்துவிடும். அதனால் ஈரக் கோணியால் உருளையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் ரோலரோடு நடக்க வேண்டும். அது முன்னால் போனால் முன்னால், பின்னால் வந்தால் பின்னால். காலில் கோணித்துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பாள். அப்படியும் தார் உள்ளே இறங்கும். அவள் பாதங்களில் தோல் சில இடங்களில் கருப்பாகவும் சில இடங்களில் பளபளப்பாகவும் இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே தகரக் கூரையின் நிழலில் டிரைவர். கீழே வெயிலில் அம்மா. அந்த உயரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கூலியில்தான் படித்தேன். பள்ளியில் பரிசு வாங்கிய நாளிலும் அம்மா கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். "உள்ள வந்தா எல்லாரும் என் காலத்தான் பாப்பாங்க," என்றாள். பாலிடெக்னிக்கிலும் அப்படித்தான். நான் எங்கேயும் நன்றாக இருந்ததை அவள் உள்ளே வந்து பார்த்ததில்லை.

கொரட்டூரில் எங்கள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா சொல்வாள். "கூலி இல்லாத வேலைக்கு இன்னாடி இப்டி தலை சீவிக்கினு ஓடுற."

ஒரு ஞாயிறு நான் சொன்னேன். "அடுத்த வாரம் ரோலர் வருதும்மா. நான்தான் ஓட்டப்போறேன். நீ வந்து பாக்கணும்."

அவள் முறத்தில் இருந்த அரிசியைத்தான் பார்த்தாள். "அத்த நெனச்சாலே காலு எரியுது. ஆள உடு."

ஓட்ட வேண்டியவர் லாரி டிரைவர். அதற்கு முன்பே அவர் வடக்கே தூர லோடு கிடைத்துப் போய்விட்டிருந்தார். யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"மேடம் ஓட்னா ரோடு மேல கோலம் வரும்," என்றார் ஒருவர்.

"ஸ்டேரிங் சுத்தி சுத்தி கை பழுத்துடும் மேடம்," என்றார் பாய்.

"பழுக்கட்டும்."

முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் எஞ்சினுக்கு உயிர் கொடுத்த பிறகு, அங்கேயே முன்னும் பின்னுமாக ஓட்டிப் பழகினேன். கை பழுத்தது. இரவு சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். அம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "கேட்டாண்ட நின்னு பாக்குறேன். உள்ள கூப்டாத," என்றாள்.

அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் மழை கொட்டியது. டிரெய்லர் ரோலரை ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து ஆலைக் கொட்டகை வரை களிமண் தரை. வானம் மறுபடி இருண்டுகொண்டிருந்தது. பாய் பூந்தமல்லி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்து முன்உருளைக்கும் பின்சக்கரங்களுக்கும் அடியில் வைத்தார்.

"பாய் எலுமிச்சம்பழம் வெக்கறாரு. அண்ணாத்தே சிலுவ போடறாரு. மேடம் ஓட்றாங்க," என்றார் முன்பு கோலம் வரும் என்று கேலி செய்தவர். "எந்த சாமி கோச்சிக்கினாலும் இன்னொரு சாமி பாத்துக்கும்."

அம்மா வந்தாள். கல்யாணங்களுக்குக் கட்டும் சேலை. சேற்றுக்குப் பயந்து செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கேட்டருகே நின்றவளை அண்ணாத்தே உள்ளே அழைத்து வந்துவிட்டார். என் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் நுனியில், கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல்முறையாகக் கேட்டுக்கு உள்ளே. நான் படியில் ஏறி இருக்கையில் உட்கார்ந்தேன். தகரக் கூரை தலைக்கு மேலே. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். களிமண் உருளையில் ஒட்டி ஏற ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று தடித்தது. ரோலர் ஒரு பக்கமாக வழுக்கியது. மண்ணைச் சுரண்டிவிடும் தகடு எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. பாய் ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கடப்பாரையால் சுரண்டினார்கள். நகர்ந்தால் மறுபடி ஒட்டியது. தூறல் விழுந்தது. நின்றுவிட்டால் அந்த எடைக்கு ரோலர் அங்கேயே புதைந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். ரேடியேட்டருக்காக வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் ஒரு கோணியை முக்கி எடுத்தாள்.

"எம்மா, நீங்க குந்துங்க," என்றார் அண்ணாத்தே.

அவள் கோணியோடு நேரே நடந்தாள். உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்று மண்ணை வழித்தாள். ஈரக் கோணியால் இரும்பு தெரியும்வரை துடைத்தாள். பிறகு தலை நிமிராமலேயே குரல் கொடுத்தாள்.

"டிரைவரே, எடு. மெதுவா."

நான் எடுத்தேன். அவள் துடைத்துக்கொண்டே நடந்தாள். கோணி காய்ந்தால் ஓர் ஆள் வாளியில் தண்ணீர் நீட்டினார். எஞ்சின் சத்தம் மட்டும். மேலேயிருந்து எனக்கு அவள் உச்சிவகிடு தெரிந்தது. அதில் இருந்த நரை தெரிந்தது. முகம் தெரியவில்லை. இறங்கி அந்தக் கோணியைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. ஸ்டியரிங்கை விட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனையும். இப்போது மேலே நிழலில் டிரைவர், கீழே தூறலில் அம்மா. டிரைவர் மட்டும் மாறியிருந்தாள்.

சுண்ணாம்புக் கட்டத்துக்குள் ரோலர் நின்றது. எஞ்சினை நிறுத்தினேன். அண்ணாத்தே கை கொடுத்தார். "நல்லா ஓட்னீங்க மேடம்."

அம்மா கோணியைப் பிழிந்து கலவை மிஷின்மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ அவளிடம் கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்தார்கள். அவர்கள் நடுவிலேயே குந்திக் குடித்தாள்.

"எம்மா, நீ யாராண்ட வேலை செஞ்ச?" என்று கேட்டார் பாய்.

"யாராண்ட செய்யல, அத்த கேளு. நீ இப்ப வந்தியே அந்த ரோடு, அத்தகூட நாங்கதான் போட்டது."

"அதான் குண்டும் குழியுமா கீது."

"நாங்க போட்டப்ப நல்லாத்தான் இருந்திச்சு. உன் வண்டி போயி போயி பூட்ச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சேற்றோடு இருந்த காலை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கு யாரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. உட்கார்ந்து குடித்தேன்.

ஆவடியில் ரயில் ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. அண்ணனூர், திருமுல்லைவாயில் தாண்டின. அம்பத்தூரில் கூட்டம் இறங்கியதும் கேட்டேன்.

"நான் ஓட்னத பாத்தியாம்மா?"

அவள் சேலை நுனியில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பாக்கறது. சக்கரத்த பாத்துகினு இருந்தேன். மேல பாத்துகினு நடந்தா காலு பூடும்டி."

கொரட்டூர் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.