ரங்கூனிலிருந்து வந்தவள்

புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் எழுந்து நின்றது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அறுபதுகளின் நடுவில், கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் பெஞ்சில் வந்து சேர்ந்தவள் ரங்கூனில் பிறந்தவள். அவள் அப்பா பக்கத்திலிருக்கும் கொச்சங்காடிக்காரர், அம்மா பர்மாக்காரி. அங்கே பிழைக்க முடியாமல் போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறியிருந்தார்கள்.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. மலையாளம்தான் வரவில்லை. முதல் வாரமே மலையாளம் டீச்சர் அவளை வாசிக்கச் சொன்னார். ஆற்றைக் குறிக்கும் 'புழ' அவள் வாயில் 'புயா' என்று வந்தது. வகுப்பே சிரித்தது. வகுப்பு லீடர் அதை அப்படியே நடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் பெயரே புயா. வீட்டில் தமிழ் பேசிய என் மலையாளத்தை அதுவரை கேலி செய்தவர்கள் என்னை மறந்துபோனார்கள்.

அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். விடை தெரிந்தாலும் கணக்கு வகுப்பில்கூட எழுந்திருக்கமாட்டாள். மதிப்பெண் சரிந்துகொண்டே போயிற்று. அரைப்பரீட்சையில் மலையாளம் தேறாவிட்டால் இரண்டு வகுப்பு இறங்கி ஏழாம் வகுப்பில் உட்கார வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை அவள் அப்பாவை அழைத்துச் சொன்னார். வராந்தாவில் அவர் தலைகுனிந்து நின்றதை வகுப்பே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே அவள் எழுந்து பாடத்தை வாசித்தாள். சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"மதி, இரிக்கு குட்டி," என்றார் டீச்சர், போதும் உட்கார் என்று.

"தீர்ந்நில்ல டீச்சர்." பாடம் இன்னும் முடியவில்லை என்றாள்.

அடுத்த நாளும் எழுந்தாள். அதற்கடுத்த நாளும். சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு தவித்தபோது, பின்னாலிருந்து யாரோ அதை மெதுவாக எடுத்துக்கொடுத்தார்கள். திரும்பினேன். லீடர். அவள் முகத்தில் கேலி இல்லை. அதன்பின் இடைவேளைகளில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். இவள் கணக்கு சொல்லிக்கொடுக்க, அவள் மலையாளம் சொல்லிக்கொடுத்தாள்.

அரைப்பரீட்சையில் மயிரிழையில் தேறினாள். ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டியிருக்கவில்லை. முடிவு தெரிந்த அன்று லீடர் ஓடிவந்து, முதல் தடவையாக அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பர்மியப் பெயர் லீடரின் நாக்கில் புரளவில்லை. கோணலாக வந்து விழுந்தது. வகுப்பே ரங்கூன்காரியைத் திரும்பிப் பார்த்தது.

அவள் சிரிக்கவில்லை. பெயரை நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.