காளியம்மா ஊற்றிய தண்ணீர்

சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் எத்தனையோ விதிகளைப் பார்த்தேன். இவ்வளவு தாராளமானது வேறில்லை.

நேற்று மாத்தளைக் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பேத்தியின் தலையில் விழுந்த தண்ணீரின் சத்தம் என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோனது. அன்று பிறந்த என் தம்பிக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. எழ முடியாத அம்மா ஜெபத்தைச் சொல்லச் சொல்ல, மருத்துவச்சி காளியம்மா அதையே திருப்பிச் சொல்லி, செம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். சற்று நேரத்தில் பிள்ளை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்ட அப்பாவிடம், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், "துன்னூறு பூசின பொம்பள ஊத்தினது செல்லாதுங்க" என்றார்.

"அப்ப நீங்க வர்ற வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருடான்னு சொல்லணுமாய்யா?" என்றாள் காளியம்மா.

உபதேசியார் முறைப்படி மேற்றிராணியாருக்கு, அதாவது ஆயருக்கு, எழுதினார். பிணம் பதிலுக்குக் காத்திருக்காது. அன்று மாலையே அப்பா தம்பியை வேலிக்கு வெளியே, தேயிலைக்கு நடுவில் புதைத்தார். உபதேசியாரைக் காணும்போதெல்லாம் அம்மா, "எம்புள்ள உள்ள வரலாமாங்க?" என்று கேட்பாள்.

ஞானஸ்நானம் செல்லும் என்ற மேற்றிராணியாரின் பதில், வேலிக்கு உள்ளே எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்த கல்லறைத் திருநாளன்று, நவம்பர் இரண்டாம் தேதி வந்தது.