பனியில் புதைந்த லொறியும் அந்தப் பிள்ளையும்

அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி." சோறு போடும்போதும் அதுதான், தேத்தண்ணி கொடுக்கும்போதும் அதுதான். சொன்னவர் என் கணவர். கேட்டுக்கொண்டிருந்த பாவி நான்.

அவர் ஒரு பழைய லொறி வைத்திருந்தார். மொத்த வியாபாரக் கடையிலிருந்து அரிசி, மா, தேங்காய்ப்பால் ரின் எல்லாம் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு மேற்கே பார்க்டேலில் தொடங்கி கிழக்கே விட்பி வரைக்கும் தமிழ்க் கடைகளுக்குப் போடுவது வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, நாளுக்கொரு கடை திறந்த காலம். பாரம் இருக்கும்வரை லொறி ஒழுங்காக ஓடும். பாதிச் சாமான் இறங்கியதும் பின்பக்கம் இலேசாகிவிடும். பிறகு ஏதாவதொரு கடையின் பின்வளவில் பனி கிடந்தால் போதும், பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும், லொறி அசையாது. அப்படி அது புதைகிற இடத்துக்கெல்லாம் அவள் வந்துவிடுவாள்.

அவள் ஒரு பேக்கரியின் பாண் வான் ஓட்டியவள். மன்னார்ப் பக்கம். முப்பது வயதிருக்கும், கலியாணம் கட்டவில்லை, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். இவர் சாமான் போடுகிற அதே கடைகளுக்கு அவள் பாண் போட்டாள். அவளுடைய வானில் பாண் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் என்னென்ன இருந்தது என்று இவர் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. பனி அள்ள, கட்டைப் பிடி போட்ட சவள். சில்லுக்கு அடியில் செருகுகிற, பல்லுப் பல்லாக இருக்கும் பிளாஸ்ரிக் தட்டு இரண்டு. வண்டியைக் கட்டி இழுக்க, இரண்டு முனையிலும் கொளுக்கி வைத்த அகலமான மஞ்சள் பட்டி. அதோடு ஒரு பை பூனை மண். வீட்டுக்குள் பூனை வெளிக்கிருப்பதற்கென்று கடையில் விற்கிறார்களே, அதேதான். ஐஸில் தூவினால் சில்லு பிடிக்குமாம்.

"பூனை இல்லாதவளுக்கு எதுக்குப் பூனை மண்?" என்று கேட்டேன்.

"அதைத்தானே சொல்லுறன், அந்தப் பிள்ளைக்கு மூளை" என்றார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இவர் அவளோடு எங்கேயாவது ஓடிவிடுவார் என்று நான் பயப்படவில்லை. அந்த மனிசனுக்கு அந்தத் துணிவெல்லாம் கிடையாது. அவளிலும் ஒரு பிழை சொல்ல முடியாது, அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். என் பிரச்சினை அந்தச் சொல். பின்னேர வேலைக்குப் போய் வந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, இங்கிலிஷில் சோதனை எழுதிப் பழகுநர் லைசென்சும் எடுத்து வைத்திருந்தேன். லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு இவர் சொன்னது, "சரி, பத்திரமா வையும்." கெட்டிக்காரி என்று இத்தனை வருடத்தில் ஒருதரம், ஒரேயொரு தரம், என்னைப் பார்த்து வாய் திறந்ததில்லை. அவளுக்கோ அது பனி பெய்கிற நாளெல்லாம் சும்மா கிடைத்தது. எனக்கும் அது வேண்டும். இவருடைய வாயால் வேண்டும்.

ஆகவே நானும் ஒரு பெட்டி தயார் பண்ணினேன். சவள் வாங்கினேன். பட்டிக்குப் பதிலாக உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிறு. பூனை மண் வாங்க என் ரோசம் விடவில்லை; சமையல் உப்புப் பை ஒன்றை எடுத்து வைத்தேன். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு திறமான யோசனையும் இருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் லொறியில் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். "நான் வாறன்" என்றேன்.

"நீரோ? இந்தக் குளிருக்கையோ?"

"ஏன், குளிர் உங்கடை அந்தப் பிள்ளைக்கு இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே, பெரிய சுடுதண்ணிப் போத்தல்கள் இரண்டை நிரப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன்.

பிக்கரிங்கில் கடையொன்றின் பின்வளவில், நான் நினைத்தபடியே, லொறி புதைந்தது. மனதுக்குள் சந்தோசம் தாங்கவில்லை. இவர் இறங்கித் தலையைச் சொறியமுதல் நான் குதித்து, இரண்டு போத்தல் சுடுதண்ணியையும் பின்சில்லுகளில் ஊற்றினேன். பனி கரைந்தது. "பார்த்தீங்களோ?" என்று நிமிர்ந்து கேட்டேன். உப்பையும் அள்ளி வீசினேன். அந்தக் குளிருக்கு உப்பு என்ன செய்யும்! இவர் ஏறி ஸ்ராட் பண்ணுவதற்குள் கரைந்த தண்ணி முழுக்க இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. சில்லு இரண்டும் ஐஸுக்குள் அகப்பட்டுக்கொண்டன.

"என்ன விசர் வேலையப்பா பார்த்தனீர்!" என்று கத்தினார். "நில்லும், அந்தப் பிள்ளைக்கு அடிச்சுப் பார்ப்பம்." கடைக்குள் போய்ப் பேக்கரிக்கு ரெலிபோன் எடுத்தார். நான் உப்புப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பனிக்குள் நின்றேன். கோதாரி, அழுகைகூட வந்தது.

அவள் வந்தாள். வந்ததும் ஐஸைக் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆசைதீர வெறுத்திருக்கலாம். முதலில் புகைக்குழாய் வாயில் அடைத்திருந்த பனியைக் கிண்டி எடுத்தாள். பிறகு சவள் முனையால் ஐஸைக் கொத்தி உடைத்தாள். பூனை மண்ணைத் தூவி, தட்டு இரண்டையும் சில்லுக்கு அடியில் செருகினாள்.

"அண்ணை, மெல்ல மிதியுங்கோ. அமத்தாதேங்கோ" என்றாள்.

இவர் அமத்தினார். தட்டு இரண்டும் பின்னால் பறந்து சுவரில் போய் மோதின. திரும்ப வைத்தாள். திரும்பவும் அமத்தினார், திரும்பவும் பறந்தன. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நீங்கள் இறங்கிப் பக்கத்தாலை தள்ளுங்கோ. அக்கா ஏறட்டும்."

"அவவுக்கு லொறி ஓடத் தெரியாது!"

"அதுதான் நல்லது. தெரியாத ஆக்கள்தான் பயந்து பயந்து மிதிப்பினம்."

ஏறினேன். அவள் கதவடியில் நின்றுகொண்டு, "காலை வையுங்கோ அக்கா, காணும், அவ்வளவுதான்" என்றாள். சில்லு தட்டின் பல்லைப் பிடித்தது. லொறி முனகிக்கொண்டு ஏறி வெளியே வந்தது. இவர் தள்ளின வேகத்தில் சேற்றுப்பனிக்குள் முழங்காலில் விழுந்திருந்தார். நான் கீழே இறங்கி அவருடைய முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சாமான் இறக்குவம், நேரம் போச்சு" என்றார்.

கடைக்காரருக்கு அவர் கதை சொல்வதை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். சுடுதண்ணி ஊற்றியது நான், அதை விட்டுவிடாமல் சொன்னார். தட்டு வைத்தது அந்தப் பிள்ளை. வெளியே எடுத்தது? "அந்தப் பிள்ளை வந்திராட்டி இண்டைக்கு நாங்கள் இஞ்சைதான். கெட்டிக்காரி!"

அவள் பாண் தட்டைக் கீழே வைத்தாள். "லொறியை எடுத்தது அக்கா. அண்ணை இரண்டுதரம் என்ரை தட்டை உடைக்கப் பார்த்தவர்" என்றாள்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவருடைய முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் முழுச் சந்தோசம் என்று இல்லை. எனக்காகப் பேசுவதற்கும் அவள்தானா வர வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி பனி. ரெலிபோன் அடித்தது. இவர் பாய்ந்து எடுத்தார். "ஓம் பிள்ளை, சொல்லும். உங்கடை பில்டிங் பின்னாலையோ? நில்லும், உடனை வாறன்" என்று சொல்லிக்கொண்டே ஜக்கெற்றுக்குள் ஒரு கையை விட்டார். பிறகு அப்படியே நின்றார். ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"உம்மையாம்" என்றார்.

"அக்கா, என்ரை வானும் பனிக்குள்ளை தாண்டு போச்சு" என்றாள் அவள். "தட்டெல்லாம் வைச்சிட்டன். மெல்ல மிதிக்க ஒரு கால்தான் இல்லை. வருவீங்களே?"

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் ஒரு கை ஜக்கெற்றுக்குள்ளும் மற்றக் கை வெளியிலுமாக நின்றார். அந்த முகம் எனக்கு நல்ல பழக்கம். மாதக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

"ஓம், ஓம்" என்றார். "இப்ப நீர்தானே பெரிய கெட்டிக்காரி. போம், போம்."

அந்தக் குரலில் பாராட்டு மருந்துக்கும் இல்லை. பொறாமை, அசல் பொறாமை. அது எனக்குக் கற்கண்டாக இனித்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"நீங்களும் வாங்கோவன்" என்றேன். "தள்ள ஆள் வேணும்."