ஆகாயத்தாமரையும் என் நாக்கும்

ஐம்பத்தெட்டாம் வருஷம் குற்றாலத்துப் பங்களா ஒன்றில் தோட்டக்காரனாக இருந்தேன். அழகுக்காக முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆகாயத்தாமரை வளர்த்தேன். வீட்டம்மாள் தன் நாய் ராணியைப் பிடித்துக்கொண்டு, "இதைக் கடிச்சா நாய்க்கு ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஆனாலும், "ஒண்ணும் செய்யாதும்மா" என்றேன்.

மறுநாள் காலை ராணி ஓர் இலையைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. அம்மாள் அழுதுவிட்டார். மாட்டு டாக்டரைக் கூட்டிவரத் தென்காசிக்கு ஆள் போனது. "இலையில ஒண்ணுமில்லம்மா, பாருங்க" என்று நானும் ஓர் இலையைப் பிய்த்து மென்று விழுங்கினேன். உடனே நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தியது, தொண்டை எரிந்தது.

டாக்டர் வந்தபோது ராணியும் நானும் வாசல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாயையும் திறந்து பார்த்தார். கழுவிவிட்டு மோர் கொடுக்கச் சொன்னார்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல. நாய் துப்பிட்டு. நீரு ஏம்வே முழுங்குனீரு?"

அம்மாள் முதல் டம்ளர் மோரை என்னிடம்தான் நீட்டினார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எரிச்சலைவிட அதுதான் அதிகம் சுட்டது. முதல் நாளே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்; நாக்கு அசையவில்லை.