இறுக்கியின் எட்டாவது போல்ட்

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இருந்தும் என்ன, பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் இறுக்கி. அவர் முடுக்கிய நட்டை இன்னொருவர் கழற்றியதாகச் சரித்திரம் இல்லை. அவர் மூடிய சர்க்கரை டப்பாவைத் திறக்க அவர் மனைவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். "குழாய மட்டும் நீங்க மூடாதீங்க. நாளைக்கும் எனக்குத் தண்ணி வேணும்" என்பாள்.

போல்ட்டை முடுக்கியது போதாதென்று, நட்டுக்கு ஒரு பொட்டு வெல்டிங்கும் வைத்தால்தான் மனிதருக்குத் தூக்கம் வரும்.

மகள் பழைய கார் ஒன்று வாங்கியதும் அதை நாலு பக்கமும் தட்டித் தட்டிப் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, காரின் முன்னால் கனத்த இரும்பு பம்பர் ஒன்றை மாட்டினார். எட்டு போல்ட்டும் லாரிக்குப் போடுகிற ரகம். எட்டு நட்டுக்கும் வெல்டிங்.

அது நடந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. இப்போது மகளுக்கு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. காருக்குச் சோதனைச் சான்று வேண்டும்; இன்று மாலை ஐந்துக்குள் காட்ட வேண்டும்; தவறினால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். காலையில் சோதனைக்குப் போனால், அதிகாரி பம்பரை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாம் மாட்டக்கூடாது. கழட்டிட்டு நாலு மணிக்குள்ள வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"ஒரு மணி நேர வேலைம்மா" என்றார் இறுக்கி.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். துருவுக்கு எண்ணெய் அடித்து ஊற வைத்தார். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறியே நின்றார். ஒன்றாவது அசைந்தால்தானே! கடைசியில் கிரைண்டரால் தலைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். ஏழு போயின. மணி இரண்டே முக்கால்.

எட்டாவது, ரேடியேட்டரை ஒட்டி இரண்டு விரல் இடுக்கில் இருந்தது. அங்கே கிரைண்டர் நுழையாது. முழு பலத்தோடு ஸ்பானரைத் திருப்பினார். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். துருப்பிடித்த வெல்டிங் விட்டுப்போய், நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. நட்டைப் பிடிக்கலாமென்றால், கை போகிற வழியை அந்த பம்பரே அடைத்துக்கொண்டிருந்தது. பம்பரை மட்டும் அறுத்தால் கூரான துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், அதிகாரி விடமாட்டார். ரம்ப பிளேடை இடுக்கில் விட்டுக் கையாலேயே ராவினார். தேய்ந்ததென்னவோ பிளேடுதான்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் குனிந்து பார்த்தார். "யாருண்ணே இதை மாட்டுனது? இப்படியா மாட்டுவான் ஒரு மனுசன்?"

"நான்தான்" என்றார் இறுக்கி. வெல்டர் நிமிர்ந்து தன் பட்டறைக்குத் திரும்பினார்.

மூன்றரை ஆனது. நாலும் ஆனது. மகள் பட்டறை வாசலில் போய் நின்றாள். இவர் ராவிக்கொண்டே இருந்தார். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஐந்தே காலுக்கு அவளுடைய போன் அடித்தது. "சரிங்க... இல்லைங்க, பரவாயில்லை" என்று அவள் பேசுவது காருக்கு அடியில் கிடந்தவருக்குக் கேட்டது.

பிறகு அவளுடைய செருப்புக் கால்கள் காரின் அருகே வந்தன. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விடுங்கப்பா. எனக்கு அடி படக்கூடாதுன்னுதானே மாட்டுனீங்க?"

"ஆமாம்மா."

அவர் விரல் தன்பாட்டில் அந்த எட்டாவது போல்ட்டைத் தொட்டது. எந்த ஸ்பானரும் வேண்டியிருக்கவில்லை, ஒற்றை விரலுக்கே லேசாகச் சுற்றியது. கழலாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.