பாஸான ஜோடி

ஆம்பூருக்கு வெளியே ஒரு பந்தலில் சைக்கிளை விட்டு இறங்குகிறேன். ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடக்கும் நெடுந்தூர டூயத்லான் சாம்பியன்ஷிப் இது. எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வருகிறார். அவரிடம் மட்டும் தோற்கக் கூடாது என்று மிதித்து வந்திருக்கிறேன். கடைசி ஓட்டத்துக்கு ஷூவை மாட்டினால், இடது கால் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளக்கிறது.

பந்தலில் தண்ணீர் கொடுக்கும் சாலமன், ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவராம். கேட்காமலே ஷூவை வாங்கி மடக்கிப் பார்க்கிறார்.

"முதல் வருஷத்துலேர்ந்து இந்த ரேஸ பாக்கறேன் சார். அப்ப ஜெயிச்சவரு சிவப்பு ஷூ, குதிகால்ல தையல் கோணல். அடுத்த வருஷம் ஒரு லேடி. லேஸ் ஓட்டை ஒண்ணு கம்மி."

"அவங்க பேரெல்லாம்?"

"மூஞ்சியே பாக்கல சார்."

தன் வண்டியிலிருந்து சொல்யூஷன் டப்பாவை எடுத்து ஒட்டுகிறார். பத்து நிமிஷம் காய வேண்டுமாம். பிறகு வலது ஷூவையும் கழற்றச் சொல்லி, அதன் அடிப்பாகத்தைப் பிய்க்கிறார்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒண்ணு ரிஜெக்ட்னா ஜோடியே ரிஜெக்ட் சார். ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒட்டணும்."

பின்னால் வந்தவர் சைக்கிளை நிறுத்தி, ஷூ மாற்றி, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓடுகிறார். நான் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"அடுத்த வருஷம் என்னைப் பத்தி என்ன சொல்வீங்க?"

சாலமன் இரண்டு ஷூவையும் வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்.

"கடைசியா வந்தவரு. ஆனா ஷூ பாஸ்."